இடையன் பெயர் தாங்கிய உணவு

அரசர்கள் வென்ற நாடுகளையும் இழந்த முடிகளையும் வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. ஆயின் அவ்வரசர்களின் குடிகள் மாலையில் வீடு திரும்பியபோது அவர்தம் கலத்தில் இடப்பட்டது யாது என்ற வினாவுக்கு அந்நூல்களில் விடை காண்பது அரிது. ஒரு நாட்டு மக்களின் வாழ்வையும் தாழ்வையும் அறிய விரும்புவோர் அரண்மனை வாயிலிலே நின்றுவிடாது அடுக்களைக்குள்ளும் சென்று பார்த்தல் வேண்டும். அவ்வாறு சென்று பார்க்கத்தக்க உணவுகளுள் ஒன்று, பிரித்தானிய மக்கள் 'ஷெப்பேட்ஸ் பை' என வழங்கும் எளிய பண்டமாகும்.

'ஷெப்பேட்' என்பது ஆட்டிடையனைக் குறிக்கும் சொல். 'பை' என்பது நம்மவர் கடைக்குக் கொண்டுசெல்லும் பையன்று. மாவினாலான மேலோட்டுக்குள் இறைச்சியையோ பழத்தையோ அடக்கிப் போறணையில் வேகவைத்தெடுக்கும் உணவுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர். இடையனின் பெயர் பூண்ட இப்பண்டத்தில் மா ஓடு இல்லை. கொத்திய ஆட்டிறைச்சியை வெங்காயத்தோடும் கரட்டோடும் குழம்பாகச் சமைத்து, ஒரு தட்டத்தில் பரப்பி, அதன்மேல் அவித்து மசித்த உருளைக்கிழங்கைப் போர்வைபோல மூடிப் பொன்னிறமாகும்வரை போறணையில் வைத்தெடுப்பர். செய்முறை இவ்வளவே. இச்சிறு தட்டத்தினுள் தென் அமெரிக்க மலைகளும், ஸ்கொத்லாந்தின் பள்ளத்தாக்குகளும், அயர்லாந்தின் பெரும்பஞ்சமும், இரண்டாம் உலகப்போரும் அடங்கியுள்ளன என்றால் அது மிகையாகாது.

முதலில் மேலோட்டின் கதையை நோக்குவோம். இடைக்கால இங்கிலாந்தில் பை என்பது தடித்த மாச்சுவர்களைக் கொண்ட பெட்டி போன்றதாக இருந்தது. உலோகத் தட்டங்கள் அரிதாயிருந்த அக்காலத்தில் அந்த மாச்சுவரே சமைக்கும் கலமாகவும் பயன்பட்டது. அதற்கு நிறையக் கோதுமை மா வேண்டும். அதனை வேகவைக்கப் போறணையும் வேண்டும். கூலிக்கு உழைத்த குடியானவனிடத்தில் இவ்விரண்டும் இருப்பது அரிது. ஆகவே கோதுமை மாவின் இடத்தை வேறொரு பொருள் பிடித்துக்கொள்ளும்வரை, குடிசைவாழ் மக்களின் பெயரால் ஒரு பை தோன்றுவதற்கு வழியில்லாதிருந்தது. அந்த வழியைத் திறந்துவிட்டது உருளைக்கிழங்கு.

உருளைக்கிழங்கின் தாயகம் தென் அமெரிக்காவின் அந்தீசு மலைத்தொடர். இன்றைய பெருவுக்கும் பொலிவியாவுக்கும் இடையிலுள்ள திதிகாகா ஏரியைச் சூழ்ந்த உயர்நிலங்களில் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதனைப் பயிரிடக் கற்றனர். இரவுப் பனியில் உறையவிட்டும், காலால் மிதித்து நீர் நீக்கியும், பகல் வெயிலில் உலர்த்தியும் ஆண்டுக்கணக்கிற் கெடாது காக்கும் முறையையும் அவர்கள் கண்டிருந்தனர். 16ஆம் நூற்றாண்டில் இன்கா மக்களின் பேரரசை வீழ்த்திய ஸ்பானியர் பொன்னையும் வெள்ளியையும் தேடியே சென்றனர். அவர்கள் கொண்டுவந்த பொன் செலவழிந்துபோயிற்று. கப்பலில் உடன்வந்த கிழங்கோ ஐரோப்பாக் கண்டத்தின் மக்கட்டொகையையே பெருக்கிற்று.

எனினும் அக்கிழங்கை ஐரோப்பியர் உடனே வரவேற்றாரல்லர். 1597ஆம் ஆண்டு ஜோன் ஜெராட் என்பார் இலண்டனில் வெளியிட்ட மூலிகை நூலிலே அதன் படம் காணப்படுகின்றது. ஆயின் அது வேர்ஜீனியாவிலிருந்து வந்ததென அவர் தவறாக எழுதினார். நச்சுச் செடிகள் சிலவற்றுக்கு அது உறவாயிருந்தமையாலும், விதையின்றி மண்ணுக்குள்ளே விளைந்தமையாலும் மக்கள் அதனை ஐயத்தோடு நோக்கினர். பல இடங்களில் அது பன்றிகளுக்கே இடப்பட்டது. பிரஷியாவின் மன்னர் பிரெடெரிக் 1756ஆம் ஆண்டிலே அதனைப் பயிரிடுமாறு கட்டளை பிறப்பிக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பிரஷியாவிலே, 1756 முதல் 1763 வரை நிகழ்ந்த ஏழாண்டுப் போரின்போது, பார்மொந்தியே என்னும் பிரெஞ்சு மருந்தாளர் சிறைப்பட்டார். சிறையில் அவருக்கு உருளைக்கிழங்கே உணவாயிற்று. பன்றித் தீனி எனத் தம் நாட்டார் இகழ்ந்ததை உண்டும் தம் உடல் நலங்கெடாதிருந்ததை உணர்ந்த அவர், நாடு திரும்பியபின் அதன் பெருமையை எடுத்துரைப்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்டார். பாரிசு நகரின் அருகே அரசர் அளித்த நிலத்தில் அவர் கிழங்கைப் பயிரிட்டுப் பகலில் காவலரை நிறுத்தினார் என்றும், இத்துணைக் காவல் பெற்றது விலையுயர்ந்த பொருளே என எண்ணிய ஊரவர் இரவிலே அதனைத் திருடிச்சென்று தம் தோட்டங்களில் நட்டனர் என்றும் வழிவழியாக ஒரு கதை வழங்குகின்றது. கொத்திய இறைச்சியின்மேல் மசித்த கிழங்கை மூடிச் சுடும் உணவுக்குப் பிரெஞ்சுக்காரர் இன்றும் பார்மொந்தியேயின் பெயரையே இட்டு வழங்குகின்றனர். 1813ஆம் ஆண்டில் மறைந்த அவருக்கு அடுக்களை தோறும் நினைவுச் சின்னம் உண்டு.

இங்கிலாந்தில் இவ்வுணவின் பெயர் முதன்முதலாகத் தென்படும் இடம் சிந்தனைக்குரியது. நோபொக் பகுதியில் வெஸ்ரன் லோங்வில் என்னும் சிற்றூரின் குருவானவராக இருந்த ஜேம்ஸ் வூட்போட் பல்லாண்டுகள் இடைவிடாது நாட்குறிப்பு எழுதிவந்தவர். தாம் உண்ட உணவு ஒவ்வொன்றையும் அதிற் குறித்துவைக்கும் வழக்கமுடையவர். 1791ஆம் ஆண்டின் குறிப்பொன்றிலே 'கொற்றேஜ் பை', அதாவது குடிசைப் பை, அவரது மேசையில் இடம்பெற்றமை பதிவாகியுள்ளது. குடிசையின் பெயரைச் சுமந்த உணவு வரலாற்றில் முதலில் வெளிப்படுவது, குடிசையிலன்று. வேலையாட்களோடு வளமாக வாழ்ந்த ஒரு குருவானவரின் இல்லத்திலே.

அதே காலத்தில் உண்மையான குடிசைகளின் நிலை என்ன? 1795ஆம் ஆண்டில் விளைச்சல் குன்றிக் கோதுமையின் விலை ஏறிற்று. பல ஊர்களில் பாணுக்காகக் கலகங்கள் மூண்டன. அவ்வாண்டிலே டேவிட் டேவிஸ் என்ற குருவானவர் பண்ணைக் கூலியாட்களின் வரவு செலவைத் திரட்டி நூலாக வெளியிட்டார். 1797இல் சேர் பிரெடெரிக் ஈடன் ஏழை மக்களின் நிலைபற்றி மூன்று பாகங்களில் ஒரு பெருநூல் எழுதினார். அக்கணக்குகளைப் பார்ப்போர் காண்பது யாதெனில், குடும்பத்தின் வருவாயிற் பெரும்பகுதி பாணுக்கே சென்றுவிட்டது என்பதும், இறைச்சிக்கென மிஞ்சியது மிகச் சிறிதே என்பதுமாம். ஆண்டிற் சில நாட்களே இறைச்சியைக் கண்ட குடும்பத்துக்கு, முதல்நாள் மிஞ்சிய இறைச்சியைக் கொண்டு மறுநாள் பை செய்வது எங்ஙனம் இயலும்? குடிசையார்க்கு உரியதாக இருந்தது மேலே போர்த்த கிழங்குதான். உள்ளேயிருந்த இறைச்சி வசதியுள்ளோரின் வீட்டிலிருந்து வந்தது.

'இடையன்' என்ற பெயர் இதற்குப் பின்னரே தோன்றிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்கொத்லாந்தின் தலைநகரான எடின்பரோவிலே வெளிவந்த சமையல் நூலொன்றில் இடையன் பையின் செய்முறை காணப்படுகின்றது. அதிலே கூறப்பட்ட இறைச்சி ஆட்டிறைச்சியாகவே இருத்தல் வேண்டும் என்ற விதியில்லை. சமைத்த எந்த இறைச்சியும் ஏற்கும் என்றே உள்ளது. இறைச்சியைக் கொத்தாமல் துண்டுகளாக வெட்டிப் பரப்புமாறும் அந்நூல் கூறுகின்றது. ஆட்டிறைச்சியாற் செய்தால் இடையன் பை, மாட்டிறைச்சியாற் செய்தால் குடிசைப் பை என இன்று வற்புறுத்தப்படும் பாகுபாடு பிற்காலத்தார் வகுத்தது. முற்காலத்தில் இரண்டு பெயர்களும் ஒன்றுக்கொன்று மாறி வழங்கின.

ஸ்கொத்லாந்தில் ஆடும் கிழங்கும் வெறும் சமையற் பொருள்களல்ல. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அந்நாட்டின் மலைப்பகுதி நிலப்பிரபுக்கள், குடிவாரத்தாற் கிடைப்பதிலும் மிகுந்த வருவாய் கம்பளி ஆடுகளாற் கிடைக்கும் எனக் கண்டனர். தலைமுறை தலைமுறையாகப் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த குடும்பங்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டன. 1792ஆம் ஆண்டு மக்கள் ஆடுகளை ஊரைவிட்டு ஓட்டிச்செல்ல முயன்றமையால் அவ்வாண்டு 'ஆடுகளின் ஆண்டு' என்றே பெயர்பெற்றது. 1814இல் சதர்லாந்துப் பகுதியின் ஸ்ராத்நேவர் பள்ளத்தாக்கிலே வீடுகளின் கூரைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. வெளியேற்றப்பட்டோர் கடற்கரையோரத்துத் துண்டு நிலங்களில் குடியேறினர். அச்சிறு நிலத்தில் ஒரு குடும்பத்தின் பசியை ஆற்றக்கூடியதாக விளைந்த பயிர் உருளைக்கிழங்கு ஒன்றே. மேட்டு நிலத்தில் ஆடு மேய, கடற்கரையில் மனிதர் கிழங்குண்டு வாழ்ந்தனர். பிரபுவின் ஆடும் ஏழையின் கிழங்கும் ஒரே தட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த உணவு, அந்த நாட்டின் தலைநகரிலே அச்சேறியது அக்காலத்தில் என்பதை நினைவிற் கொள்ளுதல் தகும்.

ஒரே பயிரை நம்பி வாழ்வதன் கேடு விரைவிலே வெளிப்பட்டது. 1845ஆம் ஆண்டில் ஒரு கொடிய நோய் ஐரோப்பாவின் கிழங்குத் தோட்டங்களைத் தாக்கிற்று. இலைகள் கருகின, மண்ணிலிருந்த கிழங்குகள் அழுகி நாறின. 1846இல் அது ஸ்கொத்லாந்தின் மலைநாட்டையும் வாட்டியது. அயர்லாந்திலோ, உழைப்பாளி ஒருவன் நாளொன்றுக்குப் பத்து இறாத்தலுக்கு மேற்பட்ட கிழங்கை உண்டு, வேறு உணவு பெரிதுமின்றி வாழ்ந்த நிலையில், அந்நோய் பெரும்பஞ்சமாக மாறிற்று. 1852ஆம் ஆண்டளவில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். மேலும் பத்து இலட்சம் பேர் கடல் கடந்து சென்றனர். 1841ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் எண்பது இலட்சத்தைத் தாண்டியிருந்த மக்கட்டொகை, 1851இல் அறுபத்தைந்து இலட்சமாகக் குறைந்திருந்தது. அந்த ஆண்டுகளிலும் அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. கிழங்கு இல்லாமையால் மட்டும் மக்கள் மடியவில்லை. கிழங்கைத் தவிர வேறொன்றை வாங்கும் ஆற்றல் அவர்களுக்கு இல்லாமையாலும் மடிந்தனர்.

இதற்கிடையில் இங்கிலாந்தின் நகரங்களில் நடுத்தர வகுப்பார் பெருகினர். ஞாயிற்றுக்கிழமை ஆலய வழிபாடு முடிந்தபின் குடும்பத்தார் ஒன்றுகூடிப் பெரிய இறைச்சித் துண்டொன்றைச் சுட்டு உண்பது வழக்கமாயிற்று. மிஞ்சிய இறைச்சியைக் கிழமை நாட்களில் எவ்வாறு பயன்படுத்துவது என்பதே இல்லத்தரசியரின் கவலை. 1861ஆம் ஆண்டில் நூலுருப் பெற்ற திருமதி பீற்றனின் இல்லற நூலிலே பல செய்முறைகள் 'ஆறிய இறைச்சிச் சமையல்' என்ற குறிப்போடு வருகின்றன. அவற்றுள் ஒன்று மிஞ்சிய மாட்டிறைச்சியை அடுக்கி, மா ஓட்டினாலோ மசித்த கிழங்கினாலோ மூடிச் சுடுமாறு கூறுகின்றது. நம் நாட்டில் இரவு மிஞ்சிய சோற்றுக்கு நீர் ஊற்றி வைத்து விடியலிற் பழங்கஞ்சி ஆக்கும் தாய்மாரின் சிக்கனத்துக்கு இது ஒப்பாகும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டு புதுமைகள் இவ்வுணவுக்கு இன்றைய உருவத்தைத் தந்தன. ஒன்று, கையாற் சுழற்றி இறைச்சியைக் கொத்தும் சிறுபொறி. அது வீடுகளிற் புகுந்தபின் துண்டு இறைச்சியின் இடத்தைக் கொத்திறைச்சி பிடித்துக்கொண்டது. தசைநார் மிகுந்த மலிவான பகுதிகளும் மென்மையாயின. மற்றொன்று, குளிர்பதனக் கப்பல். 1882ஆம் ஆண்டு பெப்ரவரியில் நியூசிலாந்திலிருந்து புறப்பட்ட 'டனீடின்' என்னும் கப்பல், ஏறக்குறைய 5,000 ஆடுகளின் உறைந்த இறைச்சியோடு மே மாதத்தில் இலண்டனை அடைந்தது. அதன்பின் உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்த ஆட்டிறைச்சி தொழிலாளர் வீடுகளுக்கும் எட்டும் விலையிற் கிடைக்கலாயிற்று. பெயரளவிலே ஏழையுடையதாயிருந்த உணவு, அப்பொழுதுதான் மெய்யாக அவனுடைய மேசைக்கு வந்து சேர்ந்தது.

இரண்டாம் உலகப்போர் அதனை எல்லாருக்கும் பொதுவாக்கிற்று. 1940ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பிரித்தானியாவில் இறைச்சிக்குப் பங்கீடு வந்தது. அது நிறையால் அன்றி விலையால் அளக்கப்பட்டது. ஒருவருக்குக் கிழமைக்கு ஒரு சிலிங் பத்துப் பென்சு பெறுமதியான இறைச்சியே கிடைத்தது. அடுத்த ஆண்டில் அதுவும் குறைந்தது. உருளைக்கிழங்குக்கோ போர் முடியும்வரை பங்கீடு இல்லை. கப்பலில் ஏற்றிவர வேண்டாத அக்கிழங்கை மிகுதியாக உண்ணுமாறு உணவு அமைச்சு மக்களை வேண்டிற்று. அமைச்சராயிருந்த வூல்ற்றன் பிரபுவின் பெயரால், இறைச்சி சிறிதுமின்றிக் காய்கறிகளாலேயே ஆன 'வூல்ற்றன் பை' ஒன்று 1941இல் பரவியது. அதனை வகுத்தவர் இலண்டனின் சவோய் விடுதியின் தலைமைச் சமையலாளர் பிரான்சுவா லற்றி ஆவார்.

அக்காலத்தில் வானொலி ஆற்றிய தொண்டு இங்கு நினைத்தற்குரியது. 1940ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து பி.பி.சி. நிலையம் காலைச் செய்திக்குப் பின்னர், எட்டேகால் மணிக்கு, 'அடுக்களைப் போர்முனை' எனப் பொருள்படும் பெயரோடு ஐந்து நிமிட நிகழ்ச்சியொன்றை ஒலிபரப்பியது. கடைக்குப் புறப்படுமுன் பெண்கள் அதனைக் கேட்டு, கிடைத்த சிறிது இறைச்சியைக் கிழங்காலும் கரட்டாலும் பெருக்கிக் குடும்பத்தின் பசி தீர்க்கும் வகையை அறிந்தனர். போர்முனைச் செய்தியை அடுத்து அடுக்களைச் செய்தியும் வந்தமை, நாட்டைக் காக்கும் கடமை இரண்டு இடங்களிலும் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டதாகும். போர் முடிந்த பின்னரும் தட்டுப்பாடு நீங்கவில்லை. இறைச்சிப் பங்கீடு 1954ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாளிலேயே முடிவுற்றது.

இவ்வுணவை வீட்டில் ஆக்குவோர் கவனிக்க வேண்டியவை சிலவே. நால்வருக்கு ஓர் இறாத்தல் கொத்திறைச்சியும் இரண்டு இறாத்தல் உருளைக்கிழங்கும் போதியன. வெங்காயத்தையும் கரட்டையும் சிறிதாக அரிந்து கொழுப்பில் வதக்கி, அதிலே இறைச்சியை இட்டு நிறம் மாறும்வரை கிளறிய பின், ஒரு கரண்டி கோதுமை மாவைத் தூவி, இறைச்சிச் சாற்றை வார்த்துத் தணலிலே வற்றவிடுதல் வேண்டும். 1837 முதல் விற்பனைக்கு வந்த வூஸ்ரர் சோசு சில துளி சேர்ப்பதும் உண்டு. ஆங்கிலேயர் தமக்கே உரியதெனக் கருதும் அச்சோசில் நம் நாட்டார் நன்கறிந்த புளியும் நெத்தலியும் கலந்துள்ளன. குழம்பு நீர்த்திருப்பின் மேலிடும் கிழங்கு அதில் அமிழ்ந்துவிடும். ஆதலால் அது கெட்டியாகிச் சற்று ஆறிய பின்னரே கிழங்கைப் பரப்புவர்.

கிழங்கு மாத்தன்மை மிகுந்ததாக இருத்தல் நலம். அவிந்ததும் நீரை வடித்து, வெறுஞ்சட்டியில் ஆவி போகவிட்டு, சூட்டோடு மசித்து வெண்ணெயும் பாலும் சேர்க்க வேண்டும். அளவுக்கு மேல் அடித்துப் பிசைந்தால் மாச்சத்து வெளிப்பட்டுப் பசைபோலாகிவிடும். மேற்புறத்தை முள்ளுக்கரண்டியால் உழுத வயல்போலக் கோடிடுவது அழகுக்கு மட்டுமன்று. அவ்வரம்புகளின் முனைகளே முதலில் முறுகிப் பொன்னிறமாகும். சூடேறிய போறணையில் அரை மணி நேரம் வைத்து, ஓரங்களிற் குழம்பு கொதித்து எழும்போது எடுத்தல் வேண்டும். மிஞ்சிய இறைச்சியைக் கொண்டு செய்வோர், அதன் நடுப்பகுதியும் ஆவி பறக்கச் சூடேறியதா எனப் பார்த்தே பரிமாறுதல் அவசியம்.

மக்கள் சென்ற இடமெல்லாம் இவ்வுணவும் உருமாறிச் சென்றது. கனடாவின் கியூபெக் மாநிலத்தார் இறைச்சிக்கும் கிழங்குக்கும் இடையிலே சோளத்தை இடுகின்றனர். கிழங்கின் தாய்க் கண்டமாகிய தென் அமெரிக்காவிலே, ஆர்ஜென்றீனா நாட்டார் இதை ஒத்த பண்டத்தை அவித்த முட்டையும் ஒலிவும் சேர்த்து ஆக்குகின்றனர். அந்தீசு மலையினின்றும் இறங்கிச் சென்ற கிழங்கு ஐரோப்பாவைச் சுற்றிப் புதுக்கோலம் பூண்டு மீண்டும் தன் கண்டத்துக்கே வந்திருக்கின்றது.

ஒரு தட்டத்தின் பெயரிலே இடையன் இருக்கின்றான். ஆயின் அப்பெயரை இட்ட நாளில் அவன் அதனை உண்டிருப்பானா என்ற வினாவை எழுப்பினால், நிலத்தின் கதையும் கூலியின் கதையும் பஞ்சத்தின் கதையும் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. ஏழையின் பெயரை உணவுக்குச் சூட்டுவது எளிது. அவ்வுணவு ஏழையின் வீட்டில் ஆக்கப்படும் நிலையை உண்டாக்குவது அரிது. பிரித்தானிய மக்களுக்கு அதற்கு நூறாண்டுகள் வேண்டியிருந்தன. அந்த நூறாண்டுகளில் கிழங்கை உரித்தும், இறைச்சியை அளந்தும், ஒன்றும் வீணாகாது காத்தும் குடும்பங்களை வாழவைத்த பெண்களின் பெயர்கள் எந்த நாட்குறிப்பிலும் இல்லை. வரலாறு படிப்போர், ஞாயிறு மிஞ்சிய இறைச்சியின்மேல் கிழங்கைப் போர்த்திய அக்கைகளையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்றாகும்.